ஐயரம்மா இல்லை, ஐயர்

கோரமண்டல் என்று சொன்னால் முதலில் ரயிலைச் சொல்வார்கள். அதை விட்டால் உரக் கம்பெனி. சோழமண்டலக் கடற்கரை என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் படித்தவர்கள். :-) நான் சொல்லும் கோரமண்டலில் கடலே கிடையாது. கர்நாடகத்தில், கோலார் தங்கவயலுக்குள் இருக்கிற ஒரு சின்னப் பேட்டை அது. சயனைட் மேடுகளும் சுரங்க லைன்களும் கோயிலும் மசூதியும் சர்ச்சும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் இடம். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். இப்போது பிழைப்பு டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம்.

இங்கே நாங்கள் போகிற சர்ச்சில் ஆராதனை நடத்துவது ஒரு பெண். என் பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஊரிலிருந்து வருகிற உறவினர்களுக்குத்தான் அது பெரிய ஆச்சரியம். போன வருடம் வந்த ஒருவர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டாந்த புதுப் பழக்கம்" என்றார். வெள்ளைக்காரர்களுக்கு இவ்வளவு பெருமை தேவையா என்று யோசித்ததில் எழுதியது இது. கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படிக்கலாம்.

முதலில் எங்கள் ஊர் எப்படி இயங்கியது என்று தெரிய வேண்டும். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள். தட்டி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன, அதற்குப் பெயர் லைன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. மூன்று ஷிப்ட். சங்கு ஊதினால் ஒரு கூட்டம் இறங்கும், ஒரு கூட்டம் ஏறும். ஏறி வந்தவர் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குவார். ஆகவே லைனில் விழித்திருப்பவர்கள் எப்போதுமே பெண்களும் குழந்தைகளும்தான்.

சபைகளும் வந்தன. கத்தோலிக்கர், ஆங்கிலிகன், மெதடிஸ்ட், லூத்தரன், இரட்சணிய சேனை, பிறகு பெந்தெகொஸ்தே. சுரங்கத்தில் இருந்த அத்தனை சாதிப் பிரிவுக்கும் போட்டியாக இத்தனை சபைப் பிரிவு! ஆனால் ஐயர்மார்கள் குறைவு. (எங்கள் பக்கத்து கிறிஸ்தவர்களுக்கு ஐயர் என்றால் சபைப் போதகர். மயிலாப்பூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) ஒரு ஐயர் இரண்டு மூன்று சபைகளைப் பார்த்துக்கொள்வார். ஞாயிறு காலை ஒன்று, பிற்பகல் இன்னொன்று. வார நாட்களில் லைனுக்குள் வந்து போனவர் யார்? பைபிள் உமன்.

என் பெரியம்மா பைபிள் உமனாக இருந்தார். பெரியப்பா ஏர் பிளாஸ்டில் போனபோது அவருக்கு முப்பது வயதுகூட இல்லை. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சரிவதை எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். நில நடுக்கம் மாதிரி வீட்டுப் பாத்திரம் ஆடும், உடனே பெண்கள் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். பெரியம்மாவும் அப்படி ஓடிய ஒரு நாளுக்குப் பிறகுதான் சபை அவருக்கு இந்த வேலையைக் கொடுத்தது. சம்பளம் என்று ஏதோ கொடுத்தார்கள். அதை வைத்து அரிசி வாங்கலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வேலை என்னவென்று கேட்டால் சொல்லி மாளாது. லைன் லைனாக நடப்பார். வேதம் வாசிப்பார், ஜெபம் பண்ணுவார். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டி, பதிலும் எழுதிக் கொடுப்பார். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைத் திண்ணையில் உட்கார வைத்து திட்டுவார். ராத்திரி பள்ளி வைத்து பெண்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார். யாராவது இறந்தால் ஐயர் வரும்வரை சடலத்தின் பக்கத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துவது அவர், கொடுப்பது ஐயர். திருவிருந்துக்கு பீட விரிப்பைத் துவைத்து இஸ்திரி போடுவது அவர், கிண்ணத்தைத் துலக்குவது அவர். விரிப்பைப் போட்டு முடித்ததும் கீழே இறங்கி பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்துவிட வேண்டும்.

ஒன்று நான் கண்ணால் பார்த்தது. எங்கள் லைனில் ஒரு பாட்டி சாகக் கிடந்தார். திருவிருந்து வேண்டும் என்று கேட்டார். அன்றைக்கு ஐயர் வேறு ஊர்ச் சபையில். ஆள் அனுப்பினார்கள். பெரியம்மா பக்கத்திலேயே இருந்தார். அப்பம் வீட்டில் இருந்தது, திராட்சைரசம் சர்ச் அலமாரியில் இருந்தது, சாவிகூட பெரியம்மா இடுப்பில்தான் இருந்தது. வார்த்தைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். மறுநாள் மதியம் ஐயர் வந்தபோது பாட்டிக்குப் பெட்டி வந்துவிட்டது. "ஏன் பெரியம்மா நீங்களே குடுத்திருக்கலாமே" என்று நான் சின்னப்பிள்ளைத்தனமாகக் கேட்டேன். "அவரு இன்னாடா பண்ணுவாரு, மூணு சபை கீது அவருக்கு" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். பெண் சபையை நடத்துவது புதுப் பழக்கமா?

எங்கள் மாவட்டத் தலைநகர் கோலாரிலேயே இருக்கிறது பதில். 1876-78 பெரும் பஞ்சத்தில் மைசூர் சமஸ்தானத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். அப்போது லூயிசா ஆன்ஸ்டி என்ற ஆங்கிலேயப் பெண்மணி, லண்டன் மிஷனை விட்டுத் தனியாக வந்தவர், கோலாரில் பஞ்சத்தில் அனாதையான பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். பிள்ளைகள் வளர்ந்து குடும்பமானார்கள், குடும்பங்கள் சபையானது. நிலம், பள்ளி, தொழில் எல்லாம் அவர் நிர்வாகம். 1890-ல் அதை அமெரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையிடம் ஒப்படைத்தார். அந்தச் சபையின் பெண்கள் மிஷன்தான் 1910-ல் கோலாரில் எல்லன் தோபர்ன் கோவன் நினைவு மருத்துவமனையைத் தொடங்கியது. இ.டி.சி.எம். ஆஸ்பத்திரி என்றால் எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆக, ஒரு மிஷனையே ஒரு பெண் நடத்தலாம், ஆஸ்பத்திரி நடத்தலாம். அப்பத்தை எடுத்து ஆசீர்வதிக்க மட்டும் ஆண் வர வேண்டும். அமெரிக்க மெதடிஸ்ட் சபை பெண்களுக்கு முழுக் குருத்துவ உரிமை கொடுத்தது 1956-ல்தான்.

இன்னும் நூறு வருடம் பின்னால் போனால் பாளையங்கோட்டை கிளாரிந்தா. இவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தஞ்சாவூர் மராட்டிய பிராமண விதவை, பெயர் கோகிலா. உடன்கட்டை ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரி காப்பாற்றினார், பிறகு அவரோடு வாழ்ந்தார். கல்யாணம் இல்லாத வாழ்க்கை என்பதால் ஷ்வார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778-ல் கொடுத்தார். 1780-ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள், முதல் பெயர் கிளாரிந்தா. 1785-ல் அவர் முயற்சியில் கட்டிய ஆலயத்தை ஷ்வார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். ஊர் மக்கள் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். யார் நடத்திய சபை என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது! திருநெல்வேலித் திருச்சபை தன் தொடக்கத்தை அந்தச் சிறு கூட்டத்திலிருந்துதான் எண்ணுகிறது. ஆனால் சரித்திரப் புத்தகத்தில் அவர் "உதவி செய்த பெண்மணி".

உதவி என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பெரியம்மாவையும் ஐயருக்கு உதவி என்றுதான் சொன்னார்கள். ஐயர் எதற்கு உதவி செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

ஆங்கிலிகன் சபையில் இந்தச் சிக்கலை முதலில் உடைத்தது எந்த வெள்ளைக்கார நாடும் இல்லை. அது நடந்தது சீனாவில், இரண்டாம் உலகப் போரின்போது. மக்காவில் அகதிகள் குவிந்திருந்தார்கள். ஜப்பான் படை சூழ்ந்திருந்ததால் குருமார் யாரும் உள்ளே போக முடியவில்லை. ஃப்ளாரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற பெண் அங்கே உதவி ஊழியராகச் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால், 1944 ஜனவரி 25 அன்று அவரைக் குருவாக அபிஷேகம் செய்தார். உலக ஆங்கிலிகன் சபையில் முதல் பெண் குரு. காரணம் மிக எளிமையானது. ஜனங்களுக்குத் திருவிருந்து வேண்டும், கொடுக்க வேறு ஆள் இல்லை. எங்கள் லைன் பாட்டிக்கு இருந்த அதே பிரச்சினைதான். ஒரே வித்தியாசம், அங்கே ஒரு பேராயர் துணிந்தார்.

போர் முடிந்தது, ஆட்கள் வந்துவிட்டார்கள், உடனே எதிர்ப்பும் வந்தது. 1946-ல் லீ டிம்-ஓய் குருவாகப் பணி செய்யும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். குருத்துவத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு சீனாவில் கலாச்சாரப் புரட்சியில் பட்ட பாடு வேறு. தன் அங்கிகளைத் தன் கையாலேயே வெட்டிப் போட வைத்தார்கள். 1971-ல் ஹாங்காங் சபை ஜேன் ஹுவாங், ஜாய்ஸ் பென்னட் என்ற இரண்டு பெண்களைக் குருவாக்கியபோது இவருடைய குருத்துவத்தையும் ஏற்றுக்கொண்டது. 1980-களில் கனடா வந்தார். நான் இருக்கிற இதே டொராண்டோவில் சீனச் சபையில் மறுபடி பீடத்தின் முன் நின்றார். 1992-ல் இங்கேதான் இறந்தார். நான் வந்தபோது அவர் இல்லை. ஆனால் இங்கே எங்கள் சபை வயதான அம்மாக்கள் சிலர் அவரைப் பார்த்திருக்கிறார்கள். "ரொம்பக் குள்ளம், ரொம்பச் சத்தமான சிரிப்பு" என்றார் ஒருவர்.

இந்தியாவுக்கு வருவோம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் சேர்ந்த சபை. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அத்தனை சபைகளிலிருந்தும் வந்த பைபிள் உமன்கள் அப்படியே பைபிள் உமன்களாகத்தான் இருந்தார்கள். பெண் ஊழியர்களுக்கு ஒரு அமைப்பும் மரியாதையும் வேண்டும் என்று பாடுபட்டவர் கரோல் கிரஹாம் அம்மா. தோர்ணக்கல்லில் பேராயர் அசரியாவோடு வேலை செய்தவர். 1950-களின் தொடக்கத்தில் திருச்சபைக்கென்று ஒரு பெண்கள் சங்கம் உருவானது, பெங்களூர் விஷ்ராந்தி நிலையம் அவர்களுடைய வீடு.

பிறகு 1976. அந்த வருடம் தென்னிந்தியத் திருச்சபையில் எலிசபெத் பால் அபிஷேகம் பெற்றார், முதல் பெண் ஆயர். அதே 1976, நவம்பர் 30 அன்றுதான் கனடா ஆங்கிலிகன் சபை தன் முதல் ஆறு பெண்களைக் குருவாக்கியது. இங்கிலாந்து? 1994 மார்ச்சில்தான். எங்கள் உறவினர் சொன்ன "வெள்ளைக்காரன் கொண்டாந்த பழக்கம்" பதினெட்டு வருடம் தாமதமாக இங்கிலாந்து ஆங்கிலிகன் சபையிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடுமா? பெரியம்மா மகள், என் அக்கா, 1984-ல் பெங்களூரில் இறையியல் படிக்க ஆசைப்பட்டார். அதற்குச் சபையின் சிபாரிசு வேண்டும். எங்கள் சபைக் கமிட்டியில் மூத்தவர் ஒருவர் நல்ல மனுஷர்தான், அக்காவின் தலையைத் தொட்டு ஆசீர்வதித்துவிட்டு, "ஒரு ஐயரைக் கட்டிக்கோம்மா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அக்கா டீச்சர் டிரெயினிங் போனார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது புதிதும் இல்லை. 1952-ஆம் வருடச் சுரங்கச் சட்டம் பெண்கள் பூமிக்கடியில் வேலை செய்யக் கூடாது என்று சொன்னது. (2019-ல்தான் தளர்த்தினார்கள், அப்போது எங்கள் சுரங்கம் மூடி பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.) கீழேயும் இறங்கக் கூடாது, பீடத்திலும் ஏறக் கூடாது. நடுவில் இருக்கிற எல்லா வேலையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். சுரங்கத்துக்காவது பாதுகாப்பு என்று ஒரு காரணம் சொன்னார்கள். பீடத்தில் என்ன ஆபத்து?

அக்காவைத் திருப்பி அனுப்பிய அதே 1984-ல், பக்கத்து மாநிலத்தில் கர்னூல் மாவட்டத்து திகுவபாடு கிராமத்துப் பெண் ஒருவர் ஆயராக அபிஷேகம் பெற்றார். பெயர் எக்கோனி புஷ்பலலிதா. 2013 செப்டம்பர் 30 அன்று அவர் நந்தியால் பேராயரானார், தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர். அசரியா முதல் இந்திய ஆங்கிலிகன் பேராயரானது 1912-ல். இந்தியர் ஆவதற்கும் இந்தியப் பெண் ஆவதற்கும் நடுவில் நூற்றியொரு வருடம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் நந்தியால் என்ற ஊர்தான். 1947-ல் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தபோது நந்தியால் பகுதி ஆங்கிலிகர்கள் சேர மறுத்துவிட்டார்கள். பேராயர் கையால் அபிஷேகம் பெறாதவர்களையெல்லாம் குரு என்று எப்படி ஏற்றுக்கொள்வது என்பது அந்தத் தரப்பின் கவலை. அப்பேர்ப்பட்ட ஆசாரமான ஊர். 1975-ல்தான் வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் முதல் பெண் பேராயர்! இங்கிலாந்துச் சபை 2012 நவம்பரில் பெண் பேராயர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டு, 2014-ல் சரி என்று சொல்லி, 2015 ஜனவரியில்தான் லிபி லேனைப் பேராயராக்கியது. நந்தியாலுக்கு அப்புறம். 2025 அக்டோபரில் கான்டர்பரி பேராயராக சாரா முலாலி அறிவிக்கப்பட்டபோது என் வாட்ஸப் குரூப்பில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். நான் நந்தியால் செய்தியை அனுப்பினேன், இரண்டு பேர் கட்டை விரல் காட்டினார்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊரில் சங்கு இல்லை. விடிவதற்கு முன் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஆண்களும் இளம்பெண்களும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், ராத்திரி திரும்புகிறார்கள். பகலில் லைன் மறுபடி அதே மாதிரி, வயதானவர்களும் குழந்தைகளும். அக்கா ரிட்டயர்டு ஆகி, பெரியம்மா நடந்த அதே லைன்களில் இப்போது சம்பளமில்லாமல் நடக்கிறார். பெண்கள் ஞாயிறு அன்று வருடத்துக்கு ஒரு தடவை பிரசங்கம் பண்ணச் சொல்கிறார்கள். மற்ற ஞாயிறுகளில் பீட விரிப்பு.

எங்கள் டொராண்டோ ஆராதனையை ஒருநாள் வீடியோ காலில் அக்காவுக்குக் காட்டினேன். முழுசும் பேசாமல் பார்த்தார். அப்பத்தைப் பிட்ட இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் அவருக்கு ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் ஐயர் பெண்டாட்டி ஐயரம்மா. அப்போ பொம்பளையே ஐயரானால்?

"ஐயர்தான்க்கா."

"அது செரி. அவங்க வீட்டுக்காரரை இன்னான்னு கூப்புடறீங்க?"

பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம், ஆராதனை முடிந்ததும் அவர்தான் காபி ஊற்றுவார் என்றேன். அக்கா அவரையும் காட்டச் சொன்னார்.